ஆஸ்டெரினாக்கள் தீர்ந்துவிட்டன: ஹார்லெக்வின் இறாலுக்கு இனி எதைக் கொடுப்பது?

ஈசூன்_உவர்நீர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மூன்றடி நீளமுள்ள பவளத் தொட்டி ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சென்ற ஆண்டின் இறுதியில் நண்பர் ஒருவர் கொடுத்த, ஸோவாந்திட் என்ற மெல்லிய பவள வகை ஒட்டிய கல்லோடு ஆஸ்டெரினா நட்சத்திர மீன்கள் சில ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவையாக இருந்ததால் நான் முதலில் பொருட்படுத்தவில்லை. ஓர் இரவு விளக்கெல்லாம் அணைந்த பிறகு கைவிளக்கு வெளிச்சத்தில் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் எண்ணிப் பார்த்தபோது அறுபதைத் தாண்டியது. அதற்குள் ஸோவாந்திட்கள் பாதி நாள் வாய் திறக்காமல் கிடக்கத் தொடங்கியிருந்தன.

ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, 45 வெள்ளி கொடுத்து ஹார்லெக்வின் இறால் ஒன்றை வாங்கி விட்டேன். அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஏழு வாரத்தில் கண்ணாடியிலும் பாறையிலும் ஓர் ஆஸ்டெரினாவைக்கூடக் காண முடியவில்லை. இப்போதுதான் சிக்கல். ஆஸ்டெரினா தீர்ந்த பிறகு அது மற்ற இறால்களைப் போல எதையும் தின்னும் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார். உறைந்த மைசிஸ் என்ற சிற்றிறால், நறுக்கிய கணவாய், மட்டிச் சதை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் வந்து ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. முன்பு பகலெல்லாம் பாறையிடுக்கில் இருந்த உயிர் கடந்த ஒன்பது நாளாகப் பட்டப்பகலில் தொட்டி முழுவதும் சுற்றித் திரிகிறது. அது பசியால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நட்சத்திர மீனை வாங்கிக் கையை வெட்டிப் போட வேண்டும் என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்தேன். அதை வீட்டில் சொன்னதும் என் மனைவி, "ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கண்டம் கண்டமாக வெட்டுவதா? இந்தப் பாவம் நமக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டார். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளோ, வற்றுநேரத்தில் சாங்கிக் கடற்கரைக்குப் போய் இரண்டு பிடித்துவரலாமே என்கிறாள். வெட்டுவதுதான் ஒரே வழியா, உறைந்ததைக் கொடுத்தால் ஏற்குமா, இதற்கு ஒரு துணை வாங்கிவிட்டால் நன்றாக இருக்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். சில்லர் வைத்து நீரின் வெப்பத்தை 26 பாகையில் வைத்திருக்கிறேன். உப்படர்த்தி 1.025.

பவளத்திட்டு எழுதியது:

வணக்கம். உங்கள் ஐயம் சரியானதுதான். அது பசியால் அலைகிறது. இந்த இறாலை ஒன்பது ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் உங்களுக்குத் தவறான செய்தியைச் சொல்லிவிட்டார். ஹைமனோசெரா பிக்டா என்ற இந்த இனம் முட்தோலிகளை (நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றை) மட்டுமே தின்று வாழ்வது. அதிலும் நட்சத்திர மீன்தான் அதன் சோறு. வேறு வழியே இல்லாதபோது சில சமயம் கடல் முள்ளெலியைத் தொடும் என்பார்கள், ஆனால் அதை நம்பி வளர்க்க முடியாது. மைசிஸும் கணவாயும் அதற்கு உணவே அல்ல. ஆகவே நீங்கள் இனிமேல் வளர்க்கப்போவது இறாலை மட்டுமன்று, நட்சத்திர மீன்களையும் சேர்த்துத்தான். இந்தக் கணக்கு ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சம்பில் (தொட்டிக்கு அடியில் உள்ள வடிகட்டும் தொட்டியில்) ஒரு பகுதியை வலைத்தட்டு வைத்துத் தடுத்து, அதில் சாக்லேட் சிப் நட்சத்திர மீன் மூன்றை வைத்திருக்கிறேன். அவற்றை மேல்தொட்டியில் விடக் கூடாது, ஏனென்றால் மெல்லிய பவளங்களை அவை தின்றுவிடும். ஈரச்சந்தையில் வாங்கும் இறால், மட்டி, கணவாய் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி வாரம் இரண்டு முறை ஒவ்வொன்றின் அடியிலும் வைக்கிறேன். வெட்டப்படுகிற உயிருக்கு வயிறார உணவு கொடுக்காமல் போனால் கை வளராது, காயமும் ஆறாது. இதைப் பலர் செய்வதில்லை. பிறகு நட்சத்திர மீன் அழுகிவிட்டது என்று புலம்புகிறார்கள்.

பத்து நாளுக்கு ஒரு முறை, மூன்றில் ஒன்றை எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய தட்டில் வைத்துப் புதிய பிளேடால் ஒரு கையின் நுனிப் பாதியை மட்டும் வெட்டுகிறேன். அடுத்த முறை அடுத்த மீன். ஆகவே ஒரு மீனின் முறை மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். கைகள் சேரும் நடுவட்டுக்கு அருகில் பிளேடைக் கொண்டுபோகாதீர்கள். தொடக்க காலத்தில் பேராசைப்பட்டு ஒரு கையை அடியோடு வெட்டினேன். நான்காம் நாள் வட்டு வெளுத்துக் குழைந்து, ஆறாம் நாள் சம்பு முழுவதும் நாற்றமெடுத்தது. அன்று அம்மோனியாவைச் சமாளிக்க எனக்கு இரண்டு முறை நீர் மாற்ற வேண்டியிருந்தது.

இப்படிச் செய்தால் உணவு என்றைக்கும் வற்றாது என்று சிலர் எழுதுவார்கள். அதை நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நாளுக்கு ஒரு பாதிக் கை என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு பாதிகள் வேண்டும். மூன்று மீனுக்குப் பதினைந்து கை, அதாவது முப்பது பாதிகள். அறுபட்ட கை திரும்ப வளரப் பல மாதங்கள் பிடிக்கும். வளர்ச்சி கொஞ்சம் கைகொடுக்கிறது என்றாலும் வெட்டின் வேகத்தோடு அது போட்டியிட முடியாது. நான் ஆண்டுக்கு இரண்டு புதிய மீன்களாவது வாங்குகிறேன். உங்களுக்கு ஒரே ஓர் இறால் இருப்பதால் சமாளிக்கலாம். துணை வாங்கினால் செலவு இரட்டிப்பாகும், வெட்டும் இரட்டிப்பாகும். ஆகவே துணை வேண்டாம் என்பதே என் கருத்து.

உறைந்ததைக் கொடுக்கலாம். நட்சத்திர மீன் ஒன்று கடையிலேயே இறக்கும் தறுவாயில் இருந்தால் குறைந்த விலைக்குத் தருவார்கள். குழையத் தொடங்கியதை வாங்காதீர்கள், விறைப்பாக இருப்பதை மட்டும் வாங்கிக் கை கையாகப் பிரித்து உறைய வையுங்கள். வீட்டு உறைபெட்டியில் மீன் துண்டுகளோடு கலந்துவிடாமல் பெட்டியின் மேல் எழுதி வைப்பது நலம். எங்கள் வீட்டில் ஒரு முறை மாமியார் அதை என்னவோ என்று நினைத்துக் குழம்புக்காக வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

மூன்றாம்மாடி எழுதியது:

நண்பரே, ஏன் இவ்வளவு பாடு? இறாலைக் கைமாற்றிவிடுங்கள். ஆஸ்டெரினாத் தொல்லை இல்லாத பவளத் தொட்டி இந்த ஊரில் எத்தனை இருக்கிறது? எங்கள் ஐந்து பேருக்கிடையே ஒரே இறால் ஒன்றரை ஆண்டாகச் சுற்றிவருகிறது. செங்காங்கில் தீர்ந்ததும் பொங்கோலுக்குப் போகும், அங்கே தீர்ந்ததும் தெம்பனிசுக்கு. ஒரு வீட்டில் தீர்ந்து அது திரும்பி வருவதற்குள் முதல் வீட்டில் எங்கோ பாறைக்குள் ஒளிந்திருந்த நான்கு ஆஸ்டெரினா நாற்பதாகிவிடுகின்றன. யாரும் பிளேடைத் தொடத் தேவையில்லை. ஐந்து தொட்டியின் உப்படர்த்தியையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பவளத்திட்டு எழுதியது:

மூன்றாம்மாடி சொல்வது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை பையில் கட்டி ரயிலில் கொண்டுபோவது இறாலுக்கு இலேசான காரியமன்று. சட்டை உரித்த மறுநாள் இடம் மாற்றினால் இழந்துவிடுவீர்கள். அது ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை சட்டை உரிக்கும். பாறையடியில் வெற்று ஓட்டைக் கண்டால், இறந்துவிட்டது என்று பதறாமல், ஒரு வாரத்துக்கு அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வற்றுநேரநடை எழுதியது:

ஈசூன் நண்பருக்கு வணக்கம். நான் தொட்டி வளர்ப்பவள் அல்லள். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வற்றுநேரங்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் உயிர்களைக் காட்டும் தொண்டூழியத்தில் இருக்கிறேன். உங்கள் மகள் கேட்டதற்கும் மனைவி கேட்டதற்கும் எனக்குச் சொல்லச் சில செய்திகள் உண்டு.

முதலில் மகளுக்கு. கடற்கரையிலிருந்து தயவுசெய்து எடுத்துவராதீர்கள். கடைகளில் சாக்லேட் சிப் என்று விற்கப்படுவது புரோட்டோரியாஸ்டர் நோடோசஸ் என்ற இனம். நம் ஊரிலும் அது இருக்கிறது. சைரீன் திட்டில் உள்ளங்கையைவிடப் பெரியவற்றைக் கூட்டமாகப் பார்த்திருக்கிறேன், உபின் தீவின் செக் ஜாவா கரையிலும் உண்டு. சிங்கப்பூரின் அழிவுநிலை உயிர்களுக்கான செம்பட்டியலில் அது அருகிவரும் இனமாகப் பதிவாகியிருக்கிறது. நிலமீட்பினால் கடற்கரையின் பெரும்பகுதி மறைந்த பிறகு மிஞ்சிய சிறு இடங்களில்தான் அவை ஒதுங்கி வாழ்கின்றன. 2001 டிசம்பரில் அரசாங்கம் நிலமீட்புத் திட்டத்தைத் தள்ளிவைத்ததால் செக் ஜாவா பிழைத்தது. அதற்காக அப்போது வரிசையில் நின்று அந்தக் கரையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அதே செக் ஜாவாவில் 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்ததை உங்கள் தொட்டிக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஜொகூரில் பெய்த பெருமழை ஆற்றுவழியே நன்னீராக இறங்கி நீரிணையின் உப்பைக் குறைத்தது. மணல் திட்டில் நட்சத்திர மீன்களும் கடல் வெள்ளரிகளும் கம்பள அனிமோனிகளும் பெருமளவில் மடிந்தன. முட்தோலிகளின் உடலுக்குள் ஓடுவது பெரும்பாலும் கடல்நீர்தான். அந்த நீரின் அழுத்தத்தால்தான் அவற்றின் குழாய்க்கால்கள் இயங்குகின்றன. வெளியே உப்பு குறைந்தால் அதைச் சமாளிக்க மீன்களைப் போல அவற்றுக்குச் சிறுநீரகம் கிடையாது. ஆகவே கடையிலிருந்து வாங்கிவரும் நட்சத்திர மீனைப் பையோடு மிதக்கவிட்டு அரைமணியில் தொட்டியில் கொட்டாமல், சொட்டுக் குழாய் வைத்து இரண்டு மணி நேரமாவது பழக்குங்கள். முதல் வாரத்திலேயே அவை குழைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்று தொட்டி வளர்க்கும் என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள்.

இனி உங்கள் மனைவி கேட்டது. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நட்சத்திர மீனுக்கு மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும் அதிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு நரம்புத் தண்டும் உண்டு. மூளை இல்லை, ஆகவே எதையும் உணராது என்று சொல்லிக் கையை உதறிவிடுபவர்களோடு நான் சேரமாட்டேன். தொட்டால் சுருங்குகிறது, கவிழ்த்தால் நிமிர்கிறது, உணவின் வாடையைத் தேடிப் போகிறது. அப்படிப்பட்ட உயிரை வெட்டத் தயங்குவது இயல்புதான். ஆனால் முழு நட்சத்திர மீனை உயிரோடு இறாலிடம் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இறால் அதைப் புரட்டிப் போட்டு, தன் மறைவிடத்துக்கு இழுத்துப்போய், கையின் நுனியிலிருந்து நடுவட்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முதன்மை உறுப்புகள் கடைசியில்தான் போகும் என்பதால் அந்த மீன் பல நாள்கள் உயிரோடு இருக்கும். இயற்கையில் நடப்பது அதுதான். ஒரு நொடி வெட்டில் முடியும் பாதிக் கையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும். உறைந்த கை என்றால் அந்தத் தயக்கமும் குறையக்கூடும்.

நடுவட்டு இல்லாமல் கை மட்டும் புது மீனாக வளருமா என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். சாக்லேட் சிப் மீனில் வளராது. வட்டுதான் புதுக் கையை வளர்த்துக்கொள்ளும். லின்கியா மல்டிஃபோரா போன்ற சில இனங்கள்தான் தானாகவே கையைக் கழற்றிவிட்டு, கழன்ற கையிலிருந்து நான்கு குட்டிக் கைகள் முளைத்த முழு மீனாக வளரும். வால்வெள்ளியைப் போலத் தோன்றும் அந்த நிலையை நேரில் பார்ப்பது அழகு. உங்கள் ஆஸ்டெரினாவோ இரண்டாகப் பிளந்து பெருகுவது. ஒன்று மட்டும் வந்தாலும் பிறகு அறுபதாவதற்கு இதுவே காரணம். அவற்றுள் பலவற்றை இப்போது அக்விலோனாஸ்ட்ரா என்ற பெயரில் பிரித்திருக்கிறார்கள்.

புக்கிட்பாத்தோக்_சோடி எழுதியது:

துணை வேண்டாம் என்று பவளத்திட்டு ஐயா சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. இவை இணையாக வாழும் உயிர்கள். 1970-களில் வோல்ஃப்காங் விக்லர், ஊட்டா சைப்ட் என்ற இருவர் ஜெர்மனியில் இதே இறாலை வைத்துத்தான் இணைப்பிணைப்பை ஆராய்ந்தார்கள். தன் இணையை மற்றப் பெண் இறால்களிலிருந்து ஆண் இனங்கண்டுகொள்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். பெண் சட்டை உரித்த சிறிது நேரத்துக்குள்தான் இனச்சேர்க்கை நடக்கும். அதனால் அந்த நேரத்தைத் தவறவிடாமல் ஆண் அருகிலேயே காவல் இருக்கிறது. என் தொட்டியில் பெரியது முன்னே போனால் சிறியது ஒரு சாண் தூரம்கூட விலகுவதில்லை. பெரியதுதான் பெண். வயிற்றின் பக்கத் தட்டுகளில் நீலப் புள்ளிகள் இருந்தால் பெண், அவை வெறுமையாக இருந்தால் ஆண். ஒன்று மட்டும் தனியாக இருந்தபோது எப்போதும் மறைந்தே கிடந்த உயிர் துணை வந்த பிறகு வெளியே வந்து உட்கார்ந்தது.

முட்டையும் இட்டது. முட்டை பொரிந்த இரவில் தூசு போல நீந்தியவை எல்லாம் விடிவதற்குள் நீரின் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்குள் போய்விட்டன. அவை தரையில் இறங்கும் பருவத்தை அடைய ஐந்து முதல் ஏழு வாரம் ஆகும். அதுவரை மிதவை உயிர்களை ஊட்டி வளர்க்கத் தனித் தொட்டி வேண்டும். அந்த ஆசை எனக்கு இல்லை.

பவளத்திட்டு எழுதியது:

நீங்கள் சொல்லும் அழகை நான் மறுக்கவில்லை, நானும் ஒரு காலத்தில் சோடி வைத்திருந்தவன்தான். ஆனால் கேட்டவர் வீட்டில் முதல் வெட்டுக்கே இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.

உட்லண்ட்ஸ்_இரவு எழுதியது:

உணவைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். என் இறால் பட்டினியால் சாகவில்லை. கொசுப்புகையால் செத்தது. ஆகவே அதையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் டெங்கிப் பரவல் இருந்த சமயத்தில், பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றி ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் மாலையில் புகை அடித்தார்கள். அதற்கு முந்தின நாளே மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது; நான் படிக்காமல் போனது என் பிழை. சன்னல் திறந்திருந்தது. என் ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் நேராக அந்தச் சன்னலுக்குக் கீழேதான் இருந்தது. ஸ்கிம்மர் என்பது காற்றை உறிஞ்சி நீரோடு இரவும் பகலும் கலக்கிக்கொண்டே இருக்கும் கருவி. புகையை நானே தொட்டிக்குள் ஊட்டியதற்குச் சமம். கொசுப்புகையில் பயன்படும் பைரெத்ராய்டு மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவுக்காரர்கள், மிகச் சிறிய அளவே அவற்றுக்குப் போதும். இரவு பத்து மணிக்கு ஹார்லெக்வின் மல்லாந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. விடிந்தபோது அதுவும் இரண்டு துப்புரவு இறால்களும் துறவி நண்டுகளும் போய்விட்டன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடவாதது போல உணவுக்கு வந்து நின்றன.

இப்போதெல்லாம் அறிவிப்பைக் கண்டால் சன்னல்களை அடைத்து, ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நான்கு மணி நேரம் நிறுத்தி, நீரோட்டப் பம்பை மட்டும் ஓடவிட்டு, தொட்டியின் மேல் ஈரத் துணியைப் போர்த்துகிறேன். கரிவடிகட்டியைப் புதிதாக வைக்கிறேன். தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டித் தைலம் தடவிய கையோடு யாரையும் நீரில் கைவிடச் சொல்லாதீர்கள். செம்பு கலந்த மீன் மருந்து எந்தக் காலத்திலாவது பயன்பட்ட பழைய தொட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இறாலுக்காக வாங்காதீர்கள். குழாய்நீரை அப்படியே விடுவோர் இன்னும் இருக்கிறார்கள். நம் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது, ஒரு நாள் வெயிலில் வைத்தால் அது போகாது. ஆவியாகும் நீருக்கு ஈடுசெய்ய, சவ்வு வழியே வடிகட்டிய ஆர்ஓ நீரையே ஊற்றுங்கள்.

ஈசூன்_உவர்நீர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வற்றுநேரநடை அம்மா எழுதியதை மனைவிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். உயிரோடு வெட்டுவதற்கு இன்னும் அவருக்கு மனமில்லை. கடையிலேயே இறக்கும் தறுவாயில் இருப்பதை உறைய வைத்துக் கொடுப்பதற்கு ஒப்புக்கொண்டார். மகள் கடற்கரை யோசனையைக் கைவிட்டுவிட்டு, சைரீன் திட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சிராங்கூன் நார்த் பக்கம் போயிருந்தபோது ஒரு சாக்லேட் சிப் மீன் கிடைத்தது. ஒரு கையின் நுனி மடங்கியிருந்ததே தவிர உடல் விறைப்பாக இருந்தது. ஐந்து கைகளையும் தனித்தனியாக உறைய வைத்துவிட்டேன். நேற்று மாலை முதல் கையை ஒரு கோப்பைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் போட்டு இளக்கி, நீண்ட இடுக்கியால் இறால் ஒளியும் பாறையின் வாசலில் வைத்தேன்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இதழ் போன்ற அந்தத் தட்டையான உணர்கொம்புகள் மட்டும் இருளிலிருந்து வெளியே வந்து படபடவென்று துடித்தன. இறால் அரைமண்டியில் நிற்பது போலக் கால்களைப் பரப்பிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. வந்து தொட்டது, பின்வாங்கியது, சுற்றி வந்து மறுபக்கத்தில் தொட்டது. அந்தப் பெரிய தட்டைக் கொடுக்குகள் உணவைக் கிழிப்பதற்கு என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவற்றால் கையை அணைத்துப் பிடித்துப் புரட்ட மட்டுமே செய்தது. தின்றது முன்னே இருக்கும் சின்னஞ்சிறு கொடுக்குகளால்தான். பள்ளத்தில் வரிசையாகச் சுருங்கியிருந்த குழாய்க்கால்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனது. பிறகு கையை இழுத்துப்போக முயன்றது. அதன் உடலைவிட அந்தக் கை கனமாக இருந்ததால் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பின்பக்கமாகவே நடந்து, பாறைக்குள் பாதியை இழுத்துவிட்டது. வாசலில் வெளியே தெரிந்த மிச்சத்தில் ஒரு முள்புழு வந்து ஒட்டிக்கொண்டதையும் பார்த்தேன். அதை எடுத்துவிட வேண்டுமா?

வற்றுநேரநடை எழுதியது:

நீங்கள் கண்ட காட்சிக்கு ஒரு கதையே உண்டு. பனாமாவின் பசிபிக் கரையில் பீட்டர் கிளின் என்ற ஆய்வாளர், பவளங்களை அழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனை இதே இறால் இனம் தாக்குவதை ஆராய்ந்தார். இறால் ஏற்படுத்தும் காயத்தின் வழியே ஃபெரெகார்டியா என்ற முள்புழு உள்ளே நுழைந்து மீனின் உள்ளுறுப்புகளைத் தின்றுவிடும் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். உங்கள் தொட்டியில் இருப்பது வேறு புழுவாக இருக்கும். ஆனால் பழக்கம் ஒன்றுதான்: இறால் திறந்து வைத்ததில் தானும் பந்தியில் உட்காருகிறது.

பவளத்திட்டு எழுதியது:

புழுவை விட்டுவிடுங்கள், அது மிச்சத்தைத் துப்புரவாக்கும். ஆனால் நான்காம் நாளுக்குப் பிறகு அந்தக் கை வெளுத்துச் சவ்வாகத் தொங்கினால், இறால் அதைத் தொடாவிட்டாலும், எடுத்துவிடுங்கள். உறைந்ததை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது பெரிய நிம்மதி. எல்லா இறாலும் ஏற்பதில்லை. முதல் முறை பசியால் ஏற்றுக்கொண்டு அடுத்த முறை மறுப்பதும் உண்டு. அதனால் கையிருப்பில் ஓர் உயிருள்ள மீனாவது இருக்கட்டும்.

மூன்றாம்மாடி எழுதியது:

அந்தக் கையிருப்புக்கு நான் பொறுப்பு. என் சம்பில் இறாலே போகாத ஒரு மூலை இருக்கிறது. அங்கே ஆஸ்டெரினாக்களை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். நாற்பது ஐம்பது பிடித்துத் தருகிறேன். அவற்றைத் தொட்டியில் மொத்தமாக விடாமல் சம்பில் வைத்து, வாரத்துக்கு ஏழெட்டாக மேலே விடுங்கள். ஸோவாந்திட் கல் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். இது உங்கள் மனைவிக்கும் ஏற்புடையதாக இருக்கலாம், வெட்டும் வேலை இல்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காத்திப் பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு வெளியே சந்திக்கலாம். உங்கள் தொட்டி நீரில் ஒரு லிட்டரும், மூடியுள்ள பாத்திரம் ஒன்றும் கொண்டுவாருங்கள். ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அதன் எண்ணெய் போவதில்லை.